என் மகள் இடத்தில் நின்றவர்

ஏப்ரல் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து இருபதுக்கு, எங்கள் வீட்டு மாடிப்படியில் வரவேண்டிய சத்தம் வரவில்லை. கனடாவில் குடியேறிப் பல வருடங்கள் ஆகியும் எனக்குப் பழகாதவற்றில் அந்த மரப்படியும் ஒன்று. பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் யாரும் யார் தலைக்கு மேலும் தூங்கியதில்லை. கனடாவில் எல்லோரும் மாடியில் தூங்கி, கீழே இறங்கி வந்துதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இறங்குகிற காலடியிலேயே யார் வருகிறார்கள், என்ன மனநிலையில் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். என் மகள் சௌமியா இரண்டிரண்டு படியாகத் தாண்டுவாள். வேலைக்குப் போகிற பெண் மாதிரி இறங்கேன் என்று நான் தினமும் சொல்வேன். அவள் தினமும் சிரிப்பாள். அன்று தேநீர் கொதித்து அடங்கியும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் காலுறை, மற்றது கையில். "எந்திரிக்க வரலம்மா. காலு இருக்கிற மாதிரியே தெரியல" என்றாள். மரத்துப்போயிருக்கும் என்று உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். நான் தேய்ப்பது அவளுக்கு உறைக்கவில்லை என்பதை, அவள் என் கையை வேடிக்கை பார்த்த விதத்தில் தெரிந்துகொண்டேன்.

இதை எழுதும்போது ஊரில் இருக்கிறேன். அந்த ஐந்து இருபது இங்கே வெயில் தாழும் நேரம். மாடு ஓட்டிக்கொண்டு ஆட்கள் திரும்புகிறார்கள், பள்ளிக்கூட வேன் வருகிறது. ஆனாலும் என் வயிற்றுக்கு அந்த நேரம் எப்படியோ தெரிந்துவிடுகிறது. என்ன செய்துகொண்டிருந்தாலும் ஒரு தடவை எழுந்து போய் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

கில்லன்-பாரே என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். எதையோ எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு, வழி தவறித் தன் நரம்புகளையே தாக்கிக்கொள்ளுமாம். முதலில் பாதம், பிறகு முட்டி, பிறகு கை. மூச்சு வரைக்கும் போய்விடுமோ என்று அஞ்சிச் சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். போகவில்லை. பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள், மேலிருந்து கீழாகத் தேறுவார்கள், பாதம்தான் கடைசி என்று டாக்டர் சொன்னார். எப்போது என்று கேட்டேன். "தேதி சொல்ல முடியாது" என்றார். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். ஆனால் எனக்கு நோயின் பெயரைவிட அந்தப் பதில்தான் பயமாக இருந்தது. தேதி இல்லாத ஒருத்திக்கு எந்த முதலாளி இடம் வைத்திருப்பான்?

பெற்றவள் பிள்ளையின் காலை நினைப்பாளா, வேலையை நினைப்பாளா என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். சொல்கிறேன். சௌமியாவை ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் அங்கே கூட்டிப் போனோம். முதல் இரண்டு வருடம் அவள் என்னிடம் பேசியதில் பாதி, "ஏம்மா என்ன இங்க கூட்டிட்டு வந்த" என்பதுதான். கோடை விடுமுறையில் பக்கத்திலிருந்த ஒரு நாற்றுப் பண்ணையில் நாற்றுத் தட்டு கழுவும் வேலைக்குப் போனாள். ஏக்கர் கணக்கில் கண்ணாடிக் கூரை. வெளியே பனி பெய்தாலும் அதற்குள் வைகாசி மாதம். தக்காளி, மிளகாய், பூச்செடி என்று லட்சக்கணக்கில் நாற்று வளர்த்துத் தோட்டக்காரர்களுக்கு அனுப்புகிற இடம். அந்தக் கோடைக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தோட்டக்கலை படித்தாள். அதே பண்ணையில் சேர்ந்தாள். நோய் வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் நாற்றுப் பிரிவு முழுவதற்கும் அவளைப் பொறுப்பாக்கினார்கள். கண்ணாடி அறை ஒன்றில் அவளுக்கென்று ஒரு நாற்காலி, முன்னால் நீரும் வெளிச்சமும் சொல்லும் திரைகள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது ஊரிலிருக்கும் என் தம்பி குமரேசன், "அக்கா, நம்ம வம்சத்துல நாத்தங்காலுக்கு ஏசி போட்டவ இவதான்" என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த நாற்காலிதான் அந்த நாட்டில் அவள் ஊன்றிய கால். அது போனால் மறுபடியும் பழைய கேள்வியோடு என் முன்னால் உட்கார்ந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். அதுவும் ஏப்ரல் மாதம். அந்தப் பண்ணைக்கு அதுதான் நடவுக்காலம். வருடத்திலேயே ஆள் தவறக்கூடாத மாதத்தில் என் பெண் விழுந்துவிட்டாள்.

ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. நான் பிளஸ் டூ படித்த வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. அம்மா அப்போது அஞ்சலை அக்காவின் நடவுக் கூட்டத்தில் இருந்தாள். அஞ்சலை அக்கா எங்கள் தெருக்காரர். பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் என்பது லேசில் கிடைக்காது. ஒரு பருவம் வராமல் இருந்தால் வேறொருத்தி அந்த இடத்தில் குனிந்துவிடுவாள், பிறகு நிமிர மாட்டாள். அதனால் ஒருத்தி படுத்தால் அவள் வீட்டிலிருந்து ஒரு மாற்றாள் போகவேண்டும். மாத்தாள் என்பார்கள். மகளோ, மருமகளோ, கூடப் பிறந்தவளோ. சொந்தமாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். அசலாக, அதாவது வெளியாளாக இருந்தால் இடத்தைத் திருப்பித் தரமாட்டாள். படுத்தவள் வந்து வரப்பில் நின்றால், யாரும் சொல்லாமலே மாத்தாள் கரையேறிவிடவேண்டும். அதுபோல, வேலை கொடுப்பவரிடம் நோயைப் பெரிதாகச் சொல்லக்கூடாது. லேசான காய்ச்சல், நாளை மறுநாள் வந்துவிடுவாள் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பருவம் முழுவதும் நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அம்மா இடத்தில் நட்டேன். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் கார்த்திகை மாதம் அம்மா வரப்பில் வந்து நின்றபோது, கையிலிருந்த நாற்றுமுடியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் மேலேறிய நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கும் அவ்வளவு பெருமை தரவில்லை.

ஆகவே சௌமியா ஆபத்தைத் தாண்டிச் சாதாரண வார்டுக்கு வந்ததும் நான் செய்ததை நீங்கள் சிரிக்காமல் கேட்கவேண்டும். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். தூரத்து ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். அவரை அவள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, சௌமியாவின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அவள் தொப்பியை வைத்துக்கொண்டு, டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, விடியும்போது பண்ணைக்குப் போனேன். எங்கே போகிறாய் என்று கணவர் கேட்டார். "அவ எடத்துக்கு" என்றேன். அவரும் டெல்டாக்காரர்தான்; "சரி, தொப்பிய இழுத்து விட்டுக்க, குளுரும்" என்றார். அவ்வளவுதான்.

நாற்றுப் பிரிவில் மெக்சிகோவிலிருந்து வந்த லூஸ் என்ற பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு கட்டிப்பிடித்து அழுதாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் தட்டுகள் அடுக்கியிருந்தன. சின்னக் குழித்தட்டிலிருந்து மிளகாய் நாற்றைப் பிடுங்கிப் பெரிய தட்டில் வைக்கும் வேலை. வேரில் கை படாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கவேண்டும். நான் கனடாவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பாபநாசத்தில் கணக்கு டீச்சர். என்றாலும் கை மறக்கவில்லை. லூஸுக்குச் சமமாக வைத்துக்கொண்டே போனேன். ஒரு வரிசை முடியும்போது ஹெலன் வந்தார்.

ஹெலன்தான் அந்தப் பண்ணையில் ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கிறவர். என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் முகத்தில் வருத்தம் காட்டி, சௌமியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். "நன்றாக இருக்கிறாள். லேசான காய்ச்சல் மாதிரிதான். சீக்கிரம் வந்துவிடுவாள்" என்றேன். அவர் தலையசைத்து, "கொஞ்சம் இருங்கள்" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் சௌமியாவின் தேநீர்க் குவளை, ஸ்வெட்டர், கைக்குப் பூசும் களிம்பு. நான் அவள் பொருள்களை எடுத்துப்போக வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கோ அந்தப் பெட்டியைப் பார்த்ததும் வேறொன்று தோன்றியது. அந்த நாட்டில் வேலை போனவர்கள் அட்டைப்பெட்டியோடு வெளியே வருவதை நான் பார்த்திருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் நீட்டினார். நான் இரண்டு எட்டுப் பின்னால் போனேன். "இது இங்கேதான் இருக்கவேண்டும்" என்றேன். "குளிருமே என்றுதான் ஸ்வெட்டர்" என்றார். "அவள் வரும் வரைக்கும் நான்தான் சௌமியா. அவள் வந்தால் நான் போய்விடுவேன். கூலி வேண்டாம்" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய், தேநீர் என்று அவர்கள் நம்பும் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். வெளியாள் ஒருவர் அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்யக்கூடாது, கையில் அடிபட்டால் காப்பீடு கிடையாது, இன்றைக்கு என்னை அனுமதித்தால் அவர் வேலைக்கே சிக்கல் என்று மெதுவாகச் சொன்னார். எல்லாம் எனக்கு 'போய்விடு' என்றுதான் கேட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் அம்மாவின் ஆபரேஷனையும் அஞ்சலை அக்காவையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஹெலன் குறுக்கிடாமல் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாற்றாக நிற்பவர் எப்போது போகவேண்டும் என்று யார் முடிவு செய்வார்கள்?" "யாரும் இல்லை. உடையவள் வந்து நின்றால் அவளே ஏறிவிடுவாள்" என்றேன். காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார். பெட்டியை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம், சௌமியாவை நடைப்பயிற்சி மருத்துவமனைக்கு மாற்றிய பிறகு, ஹெலன் பேச வந்தார். சக்கர நாற்காலியில் சௌமியா, பக்கத்தில் நான். சட்டம் இடம் கொடுக்கிறது, பண்ணைக்கும் விருப்பம், ஆனால் ஏற்பாடு செய்வதற்கு அவளால் எது முடியும், எது முடியாது என்று தெரியவேண்டும் என்றார். நோய் என்னவென்று கூட அவர் கேட்கவில்லை; அது டாக்டருக்கும் அவளுக்கும் உள்ள விஷயமாம். உட்கார முடியுமா, எவ்வளவு நேரம், விரல்கள் பிடிக்குமா, ஈரத் தரையில் நடக்க முடியுமா, இதுதான் கேள்வி. நான் முந்திக்கொண்டேன். அடுத்த மாதம் நடந்துவிடுவாள், விரல் நன்றாக இருக்கிறது, ஈரத் தரை என்ன, அவள் வயலில் பிறந்தவள் என்றேன்.

சௌமியா என் கையைத் தொட்டாள். "அம்மா, நீ சும்மா இரு" என்றாள். பிறகு ஹெலனைப் பார்த்து அவர்கள் பாஷையில் சொன்னாள். பேனா பிடித்தால் விழுகிறது. உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தலை சாய்கிறது. ஈரத் தரையில் இப்போதைக்கு முடியாது, எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. உடம்பைப் பற்றிச் சொல்வதுபோலவே இல்லை, திரையில் தெரியும் ஈரப்பதத்தை வாசிப்பதுபோல வாசித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் வீட்டில் யாரும் வேலை கொடுத்தவர் முன்னால் முடியாது என்று சொன்னதே இல்லை. அம்மா வலி முழுதாக அடங்கும் முன்பே நாற்றுக்கட்டு தூக்கினாள், அப்பா கடைசி வருடம் வரைக்கும் மூச்சிரைப்பை இருமல் என்று சொல்லியே ஏர் ஓட்டினார். ஹெலன் என்ன செய்தார் தெரியுமா? முதல் தடவையாக நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "நன்றி. இதை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியும்" என்றார். ஜனவரியில் புதுப் பருவத்துக்கு விதை போடுவார்கள். அதுவரை மருத்துவ விடுப்பு, வரும்போது முதலில் அரைநாள், ஈரத் தரைக்கு வேறு ஆள், கண்ணாடி அறையிலிருந்து பார்க்கும் வேலை மட்டும் என்று ஒரு திட்டம் பேசினார்கள். அவர் போனபிறகு, "மானத்த வாங்கிட்டியேடி" என்றேன். "இல்லம்மா. முடியும்னு சொல்லிட்டு அங்க போயி விழுந்தாதான் மானம் போவும்" என்றாள். அன்று அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் வம்சத்தில் முடியாது என்பதை முதன்முதலில் தலைநிமிர்ந்து சொன்னவள் என் மகள். நாற்றங்காலுக்கு ஏசி போட்டதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் திட்டம் பேசிவிட்டுப் போனவர்கள் அதோடு அடங்கிவிட்டார்கள். பண்ணையிலிருந்து யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஊரில் அப்படி இல்லை. அம்மா படுத்திருந்தபோது தினமும் யாராவது வந்து, எந்த மடையைத் திறந்து வைத்தாய், விதைநெல்லை எந்தக் குதிரில் கொட்டினாய் என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க அவளுக்குத் தெம்பு வரும். தன்னை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கனடாவில் ஒரு கேள்வியும் இல்லை. விடுப்பில் இருப்பவளை வேலை கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஹெலன் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார் என்றாள் சௌமியா. மறந்துவிட்டார்கள் என்றுதான் என் மனம் சொன்னது. ஜூலையில் லூஸ் பார்க்க வந்தாள். சௌமியாவின் அறையில் இப்போது ஓர் ஆள் உட்காருகிறார், வில்லெம் என்று பெயர், முன்பு அங்கே தலைமை நாற்றுக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாள். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

இலையுதிர் காலம் தொடங்கும்போது சௌமியா கோல் ஊன்றி நடந்தாள். குளிர் அவள் நரம்புக்கு ஆகவில்லை. டாக்டரும் ஹெலனும் சரி என்றபிறகு, மீதி விடுப்பைக் கழிக்க அவளை ஊருக்குக் கூட்டி வந்தேன். இடது பாதம் மட்டும் இன்னும் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பட்டை செய்து கொடுத்திருந்தார்கள். சம்பா நடவு நேரத்தில் வந்து சேர்ந்தோம். ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தம்பி வீட்டு முற்றத்தில் இரண்டு மூங்கிலைப் படுக்கவைத்துக் கட்டி, பிடித்து நடக்க வழி செய்து கொடுத்தான். காலையில் மூங்கிலுக்கு நடுவே நடை, மாலையில் வரப்பு வரைக்கும். விசாரிக்க வந்தவர்கள் யாரும் விடுப்பு என்பதை நம்பவில்லை. "வேலைய விட்டுட்டீங்களா, எடுத்துட்டாங்களா?" என்பதுதான் கேள்வி. இத்தனை மாதம் ஒரு கம்பெனி இடம் வைத்திருக்கும் என்பது அவர்களுக்குக் கதை மாதிரி இருந்தது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்த தம்பியின் மச்சினி, கால் வீங்கி ஒரு மாதம் வராததால் வேலையை இழந்தவள். அவள் சௌமியாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒக்கார நாக்காலியும் தருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அஞ்சலை அக்கா இப்போதும் கூட்டம் நடத்துகிறார். இடுப்பு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை. ஒருநாள் எங்கள் வயலில் களையெடுக்க வந்தபோது சௌமியாவை வரப்பில் உட்காரவைத்து முழு விவரமும் கேட்டார்.

"ஒன் எடத்துல இப்ப யாருடி நிக்கிறா?"

"ஒரு பெரியவரு, பெரியம்மா. வில்லெம்னு பேரு."

"சொந்தமா?"

"இல்ல. வெள்ளக்காரரு. அங்க வேல பாத்து ரிடையர் ஆனவரு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் வாசுகி, அசலயா நிறுத்துனீங்க? ஒன்னய நிறுத்தலியா?"

"போனேன்க்கா. விடமாட்டேன்னுட்டாங்க."

"அப்ப போச்சு" என்று சொல்லிவிட்டு அக்கா குனிந்துவிட்டார். சௌமியா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயத்தை அவர் இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

டிசம்பர் முடியும் சமயம். நாங்கள் கிளம்பவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு காலையில் சௌமியா போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, வில்லெம் தஞ்சாவூர்ல இருக்காரு. பெரிய கோயில் பாத்தாச்சாம், இன்னைக்கு தாராசுரம் போறாரு. நாளைக்கு இங்க வர்றேங்கிறாரு" என்றாள். அவருக்கு ஊர் சுற்றுவதில் ஆசையாம், இந்த வருடம் மனைவியோடு தென்னிந்தியா வந்திருக்கிறாராம். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். கோயில் பார்க்க வந்தவர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே. இவ்வளவு தூரம் வீடு தேடி ஒருவர் வருகிறார் என்றால் நேரில் சொல்லவேண்டிய சேதி ஏதோ இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்துப்போன மனிதர். இடம் தனக்கே என்று முடிவாகிவிட்டது, வருந்தாதே என்று சொல்ல வருகிறார். ஹெலனும் எங்கள் ஆட்கள் மாதிரியே பெரியவரை விட்டுச் சொல்லவைக்கிறார். அன்று முழுக்க இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வாடகைக் கார் வந்தபோது சௌமியா வயலில் இருந்தாள். அக்காவின் கூட்டம் தாளடி நெற்பயிரில் களையெடுத்துக்கொண்டிருந்தது, இவள் வரப்பில் உட்கார்ந்து அவர்களோடு வம்பளந்துகொண்டிருந்தாள். வில்லெம் தென்னை உயரம் இருந்தார். காரிலிருந்து இறங்குவதே மடித்து வைத்த கட்டிலை விரிப்பதுபோல இருந்தது. மனைவி முற்றத்தில் என் தம்பி கொடுத்த இளநீரோடு உட்கார்ந்துவிட்டார். வில்லெம் உட்காரவில்லை. "அவள் எங்கே?" என்றார். நான் முன்னால் நடந்தேன். வழியில் வயலைப் பார்த்து நின்று நின்று வந்தார். ஒரு பயிரை விரலால் தொட்டு, எத்தனை தூர் கிளைத்திருக்கிறது என்று எண்ணுகிறவர் மாதிரி பிரித்துப் பார்த்தார்.

எங்களைப் பார்த்ததும் சௌமியா எழுந்தாள். கோலைத் தேடாமல் எழுந்துவிட்டாள். வலது கால் வழுக்கி வயலுக்குள் போய்விட்டது. நான் ஓடினேன். அவள் விழவில்லை. வலது கால் கணுக்கால் வரை சேற்றில், இடது கால் கனடாவில் செய்த பட்டையோடு வரப்பின் மேல், அப்படியே நின்றுகொண்டு கை நீட்டினாள். வில்லெம் கையைப் பற்றி, விடாமல் வைத்துக்கொண்டு பேசினார்.

"நான் முடித்துவிட்டேன். சாவி ஹெலனிடம் இருக்கிறது. தட்டெல்லாம் கழுவி அடுக்கியாயிற்று. உன் குவளை, ஸ்வெட்டர் எல்லாம் அந்தப் பெட்டியில் அப்படியே இருக்கிறது, உன் அம்மா எடுத்துப்போக விடவில்லையாமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் நாற்காலிதான் எனக்குக் குள்ளமாக இருந்தது. மன்னித்துக்கொள், உயர்த்திக்கொண்டேன். ஆனால் முதல் நாளே அதன் தண்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் உயர்த்தினேன். கிளம்புகிற அன்று அந்தக் கோட்டுக்கே இறக்கி வைத்துவிட்டேன். போய் உட்கார்ந்து பார்."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரலிலிருந்து உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அப்போதுதான் அசைந்து கொடுத்தது. களையெடுத்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள்.

"என்னாடி சொல்றாரு அந்தப் பனமரம்?" என்றார் அஞ்சலை அக்கா.

சௌமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். சாவி, தட்டு, குவளை, நாற்காலி. கோட்டைப் பற்றிச் சொன்னதும் அக்கா கையிலிருந்த களையை வரப்பில் போட்டார்.

"மொத நாளே போட்டாராமா?"

"ஆமா பெரியம்மா. மொத நாளே."

அக்கா அவரைக் காலிலிருந்து தலை வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கூட்டத்தை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நமக்கு ஒரு ஆள் கொறையுது. மாத்தாளா வருவாரான்னு கேளு."